ஜி.பி.யில் பெயர் பதிந்துவிட்டீர்களா?

வாசகர் கேள்வி–பதில்: பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை

படிக்கவும் வேலைக்கும் பிரிட்டன் வந்திறங்கிய வாசகர்களிடமிருந்து என்.எச்.எஸ். என்ற இந்தப் பொது மருத்துவச் சேவை பற்றி நிறையக் கடிதங்கள். ஜி.பி. என்றால் குடும்ப டாக்டர்; அவருடைய கிளினிக்கைத்தான் இங்கே சர்ஜரி என்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் இங்கிலாந்துக்கானவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நிர்வாகம் தனித்தனி. கட்டணங்கள் 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் இருந்தவை. பணம் கட்டும் முன் அன்றைய தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவோடு சேர்த்து எனக்கும் கணவருக்கும் மூன்று வருட ஐ.எச்.எஸ். கட்டியாயிற்று. இன்சூரன்ஸ் கார்டு மாதிரி எதுவும் வரவில்லையே? பக்கத்து ஜி.பி. சர்ஜரியில் முகவரிச் சான்று கேட்கிறார்கள். பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, ரெடிங்

கார்டு எதுவும் வராது. ஐ.எச்.எஸ். இன்சூரன்ஸ் இல்லை, விசாவோடு வாங்கும் சுகாதாரக் கட்டணம். 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு; மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் 776. மருத்துவ, பராமரிப்பு வேலைக்கான ஹெல்த் அண்ட் கேர் விசாக்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கட்ட வேண்டியதில்லை. வேறு விசாவில் வந்து ஆஸ்பத்திரியிலோ கேர் ஹோமிலோ வாரத்துக்குச் சராசரியாக 16 மணி நேரமாவது, ஆறு மாதம் வேலை பார்த்தவர்கள் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இது தெரியாமல் விட்டவர்கள் ஏராளம்.

கட்டிவிட்டதால் உங்கள் பெயர் எந்த டாக்டரிடமும் தானாகப் பதிவாகிவிடாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும், உடம்பு நன்றாக இருக்கும்போதே. நம்மூரில் முழங்கால் வலித்தால் நேரே ஆர்த்தோ, குழந்தைக்கு இருமல் என்றால் குழந்தை டாக்டர். இங்கே எல்லாவற்றுக்கும் வாசல் ஜி.பி. ஒருவர்தான். குழந்தையையும் அவரேதான் பார்ப்பார். ஸ்பெஷலிஸ்டிடம் போக அவருடைய ரெஃபரல், அதாவது பரிந்துரை, வேண்டும்.

பதிவுக்குக் காசில்லை. உங்கள் போஸ்ட்கோடு அந்த சர்ஜரியின் எல்லைக்குள் வருகிறதா என்று என்.எச்.எஸ். இணையதளத்தில் பாருங்கள். பெரும்பாலான சர்ஜரிகளில் ஆன்லைனிலேயே பதியலாம், இல்லாவிட்டால் ஜி.எம்.எஸ்.1 என்ற படிவம் தருவார்கள். முகவரிச் சான்று, பாஸ்போர்ட், விசா, என்.எச்.எஸ். எண் எதுவும் கட்டாயம் கிடையாது. கேட்கலாம், ஆனால் இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. "சான்று இல்லாமலும் பதியலாம் என்று என்.எச்.எஸ். வழிகாட்டுதலில் இருக்கிறதே, மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறீர்களா?" என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் காரணத்தை 14 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. ரிசப்ஷனில் இருப்பவருக்கே பல நேரம் இந்த விதி தெரிவதில்லை. எழுத்தில் கேட்டதும் காரியம் நடந்துவிடும்.

பதிவானதும் பத்து இலக்க என்.எச்.எஸ். எண் கிடைக்கும். சர்ஜரி மாறினாலும் ஊர் மாறினாலும் அதே எண்தான். என்.எச்.எஸ். ஆப்பில் பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளத்தை உறுதிசெய்துவிட்டால் டெஸ்ட் ரிசல்ட், மருந்துச்சீட்டு, ஆஸ்பத்திரித் தேதி எல்லாம் போனிலேயே பார்க்கலாம்.

காலை 8 மணிக்கு போன் போட்டால் வரிசையில் இருபதாவது ஆள். லைன் கிடைத்தால் ரிசப்ஷனிஸ்ட் 'என்ன பிரச்சினை' என்று துருவுகிறார். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை இவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?
— மாணவர், லெஸ்டர்

யாரிடம் அனுப்புவது என்று பிரிப்பதற்காகத்தான் கேட்கிறார்கள். சர்ஜரியில் டாக்டரைத் தவிர நர்ஸ், மருந்தாளர், பல இடங்களில் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள். அந்தரங்கமான விஷயம் என்றால் "பர்சனல்" என்று மட்டும் சொன்னால் போதும், மேலே வற்புறுத்த மாட்டார்கள்.

2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஜி.பி. சர்ஜரிகள் வேலை நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை ஆன்லைன் விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அவசரமில்லாத எதற்கும் போன் வரிசையை விட இதுவே மேல். எழுதும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. "வயிற்று வலி" என்று இரண்டு வார்த்தை எழுதினால் கடைசிக்குப் போகும். என்றைக்கு ஆரம்பித்தது, எந்த இடம், கூடுகிறதா குறைகிறதா, காய்ச்சல் எவ்வளவு, எடை குறைந்ததா, ரத்தம் போனதா, என்ன மாத்திரை போட்டும் கேட்கவில்லை, தூக்கமும் வேலையும் எப்படிக் கெடுகிறது — இவ்வளவும் இருக்கட்டும். நம்மவர்கள் "பரவாயில்லை, கொஞ்சம் வலிதான்" என்று மரியாதைக்குச் சொல்வார்கள். இங்கே அதை அப்படியே எழுதிக்கொள்வார்கள்.

ஒரு அப்பாயின்ட்மென்ட் சுமார் பத்து நிமிடம். ஐந்து பிரச்சினைகளைக் கொண்டுபோகாதீர்கள். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். இரண்டு இருந்தால் பதியும்போதே இரட்டை நேரம் கேளுங்கள்.

மூன்று நாளாகக் காய்ச்சல், தொண்டை வலி. ஜி.பி. பாரசிட்டமால் போடச் சொல்லி அனுப்பிவிட்டார். ஊரில் என்றால் ஆன்டிபயாட்டிக் தந்திருப்பார்கள். இங்கே கடையிலும் தர மறுக்கிறார்களே?
— வாசகர், மில்டன் கீன்ஸ்

தொண்டை வலி, சளிக் காய்ச்சலில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதில் வேலை செய்யாது. தேவையில்லாமல் தின்றால் தேவைப்படும் நாளில் அது கேட்காமல் போகும். அந்த டாக்டர் உங்களை அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அவரிடம் கேட்காமல் வரக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "எத்தனை நாளில் சரியாகாவிட்டால், என்ன அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும்?" அந்தக் கெடு தாண்டினால் தயங்காமல் திரும்பப் போங்கள்.

ஜி.பி.யைப் பார்க்காமலே ஃபார்மசியில் தீரும் விஷயங்களும் உண்டு. 2024 ஜனவரி 31 முதல் 'ஃபார்மசி ஃபர்ஸ்ட்' திட்டத்தில் ஏழு நோய்களுக்கு மருந்தாளரே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் உட்பட டாக்டர் சீட்டு மருந்தைத் தரலாம். தொண்டை வலி (5 வயது முதல்), சைனஸ் (12 முதல்), காது வலி (1 முதல் 17 வரை), பூச்சிக்கடியில் தொற்று, இம்பெடிகோ என்ற தோல் புண் (இரண்டும் 1 வயது முதல்), அக்கி (18 முதல்), பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று (16 முதல் 64 வரை, கர்ப்பிணி அல்லாதவர்) ஆகியவை அவை.

பாரசிட்டமால் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே மாத்திரை 500 மில்லிகிராம். பெரியவருக்கு 24 மணி நேரத்தில் எட்டுதான் உச்சம். ஊரிலிருந்து கொண்டுவந்த 650 மில்லிகிராம் மாத்திரையோடு, கடையில் வாங்கிய சளிக் காய்ச்சல் பொடியையும் வெந்நீரில் கலந்து குடிப்பவர்கள் உண்டு. அந்தப் பொடியிலும் பாரசிட்டமால் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து அளவு மீறினால் ஈரலுக்கு ஆபத்து. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டாலே அன்றே ஜி.பி.யையோ என்.எச்.எஸ். உதவி எண்ணான 111-ஐயோ கூப்பிட வேண்டும். 111 இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. நெஞ்சு வலி, வாய் கோணல், மூச்சு முட்டல், நிற்காத ரத்தம் என்றால் நேரே அவசர எண் 999.

எனக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை, தைராய்டு. ஊர் மாத்திரைகள் இன்னும் மூன்று வாரத்துக்குத்தான். இங்கே அதே மாத்திரை கிடைக்குமா? ரிப்போர்ட்டில் எண்களெல்லாம் வேறு மாதிரி இருக்கின்றனவே?
— வாசகி, ஸ்லவ்

மூன்று வாரம் என்றால் இன்றே பதிவு செய்யுங்கள். முதல் சந்திப்பு, ரத்தப் பரிசோதனை, மருந்துச்சீட்டு என்று மூன்று படி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சில நாள் போகும்.

கம்பெனிப் பெயர் இங்கே உதவாது. ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பாருங்கள், பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே பொடியாக மருந்தின் மூலப் பெயரும் மில்லிகிராம் அளவும் இருக்கும். அதைத்தான் எழுதிக்கொண்டு போக வேண்டும். கிளைகோமெட் என்றால் இங்கே மெட்ஃபார்மின். எல்ட்ராக்சின், தைரோநார்ம் என்றால் லெவோதைராக்சின். நம்மூரில் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாக வருவது சகஜம். இங்கே தனித்தனியாகத்தான் எழுதுவார்கள், சில சமயம் கிளிமெபிரைடுக்குப் பதில் கிளிக்கிளசைடு தருவார்கள். தைராய்டில் 62.5, 88 மைக்ரோகிராம் போன்ற அளவுகள் இங்கே வழக்கமில்லை. பெரும்பாலும் 25, 50, 100 மாத்திரைகளைச் சேர்த்துத்தான் கணக்கைக் கொண்டுவருவார்கள். அளவு மாறினால் எப்போது மறுபரிசோதனை என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து எண்கள். இந்தியாவில் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்கிறோம், இங்கே மில்லிமோலில். இங்குள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம்மூர்க் கணக்கு வந்துவிடும். 7 என்றால் 126. 11.1 என்றால் 200. 4-க்குக் கீழே, அதாவது 72-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. இங்கே தரும் மீட்டரில் 18 என்று பார்த்துவிட்டு 'சின்ன எண்தானே' என்று இருந்துவிடக் கூடாது, அது 324. மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி-யும் அப்படித்தான்: 6.5 சதவீதம் இங்கே 48, 7 சதவீதம் 53, 8 சதவீதம் 64.

உங்கள் செலவைக் குறைக்கும் விஷயம் இதுதான். இங்கிலாந்தில் மருந்துச்சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கும், தைராய்டு குறைபாட்டுக்கு ஹார்மோன் மாத்திரை போடுபவர்களுக்கும் எல்லா மருந்துச்சீட்டும் இலவசம், வேறு நோய்க்கான மருந்து உட்பட. வாயைத் திறந்து கேட்டால்தான் கிடைக்கும். சர்ஜரியில் எஃப்.பி.92ஏ படிவம் கேளுங்கள், டாக்டர் உறுதிசெய்து அனுப்புவார், ஐந்து வருடச் சான்று வரும். உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. சான்று வரும்வரை பணம் கொடுத்து வாங்க நேர்ந்தால், அந்த இடத்திலேயே எஃப்.பி.57 ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் தர மாட்டார்கள். ரசீது இருந்தால் மூன்று மாதத்துக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம். சான்று இல்லாமல் சீட்டில் 'இலவசம்' என்று குறிப்பிட்டுவிட்டால் 100 பவுண்டு வரை அபராதம்.

இந்தச் சலுகை எதிலும் வராதவர்கள்?
— அதே கடிதத்தில்

16 வயதுக்குக் கீழும் 60 வயது முதலும் இலவசம். 18 வரை முழுநேரம் படிப்பவர்களுக்கும். மற்றவர்கள் மாதாமாதம் மருந்து வாங்குவதாக இருந்தால், ஒரே தொகையை முன்கூட்டிக் கட்டி எல்லா மருந்துச்சீட்டுக்கும் பயன்படுத்தும் முன்கட்டணச் சான்று எடுங்கள்: மூன்று மாதத்துக்கு 32.05, வருடத்துக்கு 114.50 பவுண்டு. மூன்று மாதத்தில் நான்கு மருந்து வாங்கினாலே லாபம். வருமானம் குறைந்தவர்கள், குறிப்பாக மாணவர்கள், கட்டண உதவி கேட்டு எச்.சி.1 படிவம் போடலாம். சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மருந்துச்சீட்டு எல்லோருக்கும் இலவசம்.

பல்லுக்கு ஐ.எச்.எஸ். கட்டியவர்களும் தனியாகப் பணம் தர வேண்டும்: பரிசோதனை 27.40, அடைத்தல், பிடுங்குதல் போன்றவை 75.30, கேப், பிரிட்ஜ் போன்றவை 326.70 பவுண்டு. என்.எச்.எஸ். நோயாளிகளைச் சேர்க்கும் பல் டாக்டர் கிடைப்பதுதான் கஷ்டம். இதில் பகுதி எல்லை இல்லை என்பதால் பக்கத்து ஊர்களிலும் விசாரியுங்கள்.

அப்பா, அம்மாவை ஆறு மாத விசிட்டர் விசாவில் அழைக்கிறோம். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இங்கே ஏதாவது ஆனால் என்.எச்.எஸ். பார்க்குமா?
— வாசகர், க்ராய்டன்

பார்க்கும். பில்லும் வரும். வரும் கடிதங்களில் மிகவும் கவலைப்பட வைப்பது இந்தக் கேள்விதான், ஏனென்றால் 'எமர்ஜென்சி இலவசம்' என்ற பாதி உண்மையை நம்பித்தான் பல குடும்பங்கள் பெற்றோரை அழைக்கின்றன.

ஏ அண்ட் இ எனப்படும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நடக்கும் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து வார்டுக்கு அட்மிட் செய்த கணத்திலிருந்து மீட்டர் ஓடத் தொடங்கும். நெஞ்சு வலியோடு போகிறார், ஏ அண்ட் இ-யில் இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் இலவசம். 'இன்றிரவு இதயப் பிரிவில் இருக்கட்டும்' என்றால் அந்தப் படுக்கை, ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் எல்லாம் பில்லில் ஏறும். விசிட்டர்களிடம் என்.எச்.எஸ். தன் விலையில் 150 சதவீதம் வாங்குகிறது. இந்தியாவோடும் இலங்கையோடும் விலக்கு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியின் ஓவர்சீஸ் விசிட்டர்ஸ் டீம் படுக்கைக்கே வந்து பாஸ்போர்ட், விசா விவரங்களைக் கேட்டுப் படிவம் நிரப்பும். மறைக்க வேண்டாம்.

உயிர் காக்கும், தள்ளிப்போட முடியாத சிகிச்சையைப் பணத்துக்காக நிறுத்தவோ தாமதப்படுத்தவோ கூடாது; பில் பிறகுதான். காத்திருக்கக்கூடிய சிகிச்சைக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பார்கள். 500 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாக்கி இரண்டு மாதம் நின்றால் உள்துறைக்குப் போகும், அடுத்த விசா மறுக்கப்படலாம். கட்ட முடியாவிட்டால் கடிதத்தைப் பரணில் போடாமல் உடனே அந்த டீமோடு பேசித் தவணை ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். ஒப்புக்கொண்ட தவணையை ஒழுங்காகக் கட்டும்வரை விசாவுக்குப் பாதகமில்லை.

ஆகவே இன்சூரன்ஸ் எடுக்காமல் விமானம் ஏற்றாதீர்கள். எடுக்கும்போது ஸ்டென்ட், பிபி, சர்க்கரை அத்தனையையும் சொல்லி எழுத்தில் பதிய வையுங்கள். ஏற்கெனவே உள்ள நோயைப் பல பாலிசிகள் அடியோடு விலக்கும், சில பாலிசிகள் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், அதுவும் சிறு தொகை வரைதான் தரும். முதல் பக்கத்து மொத்தத் தொகையைப் பார்க்காமல் அந்த உள்வரம்பைத் தேடிப் படியுங்கள். அட்மிட் ஆனதும் பாலிசியில் உள்ள எண்ணுக்கு முதலில் போன் போடுவது முக்கியம். தாமதமானால் க்ளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ அதுவே காரணமாகும்.

சிறு தொந்தரவுகளுக்கு வேறு வழி உண்டு. ஜி.பி. பார்ப்பது விசிட்டருக்கும் இலவசம். மூன்று மாதத்துக்குள் திரும்புபவர் என்றால் தற்காலிகப் பதிவு; அதற்கு மேல் தங்கினால் வழக்கமான பதிவு. ஏற்பதா என்பது சர்ஜரியின் முடிவு; இடம் இருந்தால் விசிட்டர் என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது. மாத்திரைகள் தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு வாரம் கூடுதலாக, டாக்டர் கடிதத்தோடு, கைப்பையில் வரட்டும். ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சம்மரியை போனில் படமெடுத்து வைத்திருங்கள். இங்கே இதய டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

முழங்கால் வலிக்கு ஜி.பி. ரெஃபர் செய்து மூன்று மாதமாகிறது, ஒரு கடிதமும் இல்லை. லீவில் சென்னை போகும்போது எம்.ஆர்.ஐ. எடுத்து வந்தால் வேகமாகுமா?
— வாசகர், மான்செஸ்டர்

ரெஃபரலிலிருந்து சிகிச்சை தொடங்க 18 வாரம் என்பது விதி. பல இடங்களில் இது மீறப்படுகிறது என்பதும் உண்மை. மூன்று மாதம் ஒரு கடிதமும் இல்லை என்றால் ரெஃபரல் போகவே இல்லாமலும் இருக்கலாம். ஆப்பில் அது தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் சர்ஜரியின் செயலாளரிடம் எந்தத் தேதியில், எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்று கேளுங்கள். முகவரி மாறியதைச் சொல்லாததால் கடிதம் பழைய வீட்டுக்குப் போவதும், போகாத அப்பாயின்ட்மென்டுக்காகப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுவதும் புதிதாக வந்தவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. வீடு மாறிய அன்றே சர்ஜரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

ரெஃபர் செய்யும்போது ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காத்திருப்பு குறைவான இடத்தைக் கேட்கலாம். பல பகுதிகளில் பிசியோதெரபிக்கு ஜி.பி. இல்லாமல் நேரடியாகவே பதியலாம்.

சென்னை எம்.ஆர்.ஐ.யை இங்குள்ள டாக்டர் பார்ப்பார், அதை ஏற்று முடிவெடுக்கக் கட்டாயமில்லை. எடுப்பதானால் ரிப்போர்ட் தாளோடு படங்களையும் சி.டி.யில் வாங்கி வாருங்கள். வரிசையில் உங்கள் இடம் அதனால் முன்னேறாது. வலி கூடியிருக்கிறது, நடக்க முடியவில்லை என்றால் அதைச் சொல்லி ரெஃபரலை அவசரமாக்கக் கேட்பதுதான் வழி. புற்றுநோய்ச் சந்தேகம் என்றால் ரெஃபரலே வேறு. 28 நாளுக்குள் 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்ல வேண்டும் என்பது அதன் இலக்கு. இரண்டு வாரத்தில் எந்தத் தகவலும் வராவிட்டால் போன் செய்யுங்கள்.

கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது. எந்த கைனக்கைப் பார்ப்பது?
— வாசகி, பர்மிங்ஹாம்

சிக்கல் இல்லாத கர்ப்பத்தை இங்கே மிட்வைஃப், அதாவது பயிற்சி பெற்ற மருத்துவிச்சிதான் கடைசி வரை பார்ப்பார். உள்ளூர் ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் நீங்களே பதியலாம். 10 வாரத்துக்குள் முதல் சந்திப்பு நடக்க வேண்டும். ஸ்கேன் வழக்கமாக இரண்டு: 11–14 வாரத்தில் ஒன்று, 18–21 வாரத்தில் ஒன்று. மாதாமாதம் ஸ்கேன் இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்குங்கள். சர்க்கரை இருந்தால் 5 மில்லிகிராம், அதற்குச் சீட்டு வேண்டும். தெற்காசியர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வாய்ப்பு அதிகம் என்பதால் 24–28 வாரத்தில் குளுக்கோஸ் பரிசோதனை தருவார்கள், அதைத் தவறவிடாதீர்கள். மருந்துச்சீட்டும் பல் சிகிச்சையும் பிரசவத்துக்குப் பின் 12 மாதம் வரை இலவசம், சான்றுக்கு மிட்வைஃபே விண்ணப்பிப்பார். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். பெற்றோர் ஐ.எச்.எஸ். கட்டியிருந்தால் குழந்தைக்கு முதல் மூன்று மாதம் சிகிச்சை இலவசம். அதற்குள் குழந்தைக்கும் விசா விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

அம்மா யாழ்ப்பாணத்திலயிருந்து வந்து எங்களோடதான் இருக்கிறா. இங்கிலீஸ் விளங்காது. ஆசுபத்திரிக்குப் போகேக்க பன்னிரண்டு வயசு மகள்தான் மொழிபெயர்க்கிறாள். வேற வழி இருக்கோ?
— வாசகி, ஹாரோ

இருக்கிறது, அதுவும் இலவசமாக. ஜி.பி.யிலும் ஆஸ்பத்திரியிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். நேரில் வராவிட்டால் போனில் இணைப்பார்கள். அப்பாயின்ட்மென்ட் பதியும்போதே "தமிழ், இலங்கைத் தமிழ்" என்று சொல்லி, அம்மாவின் கோப்பில் நிரந்தரமாகக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்போடு பேச நேரம் கூடும் என்பதால் இரட்டை அப்பாயின்ட்மென்டும் கேளுங்கள். சிறுபிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது என்.எச்.எஸ். வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பேத்தியின் முன்னால் அம்மா கர்ப்பப்பைத் தொந்தரவையோ மனச்சோர்வையோ சொல்லவே மாட்டார். சொன்னாலும் அந்தப் பிள்ளைக்கு அதை எப்படி மாற்றுவது என்று தெரியாது. அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்றால், சம்மதப் படிவம் எதிலும் அம்மாவைக் கையெழுத்துப் போட வைக்காமல், போன் இணைப்பு கிடைக்கும்வரை காத்திருக்கக் கேளுங்கள்.